பக்கத்து வீட்டைப் பார்க்கும் பாப்பா

எங்கள் தெருவில் பார்வையை இரவல் கொடுக்கும் பழக்கம் எந்த நாளில் தொடங்கியது என்று இன்றைக்குக் கேட்டால் ஆளுக்கு ஒரு நாளைச் சொல்வார்கள், அது எப்போதும் இருந்ததுதான், நடுவில் யாருக்கும் தேவைப்படாததால் மறந்துபோயிருந்தோம் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆனால் முதலில் கொடுத்தவள் செல்லக்கனி, முதலில் வாங்கியவன் நான், அது புரட்டாசி மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

காலண்டர் அச்சடிக்கும் ஊர் எங்களுடையது. நான் காளிராஜன், முப்பத்தொரு வருடமாக ஒரே அச்சகத்தில் ரிஜிஸ்டர் பார்க்கிறவன். ஒரு படம் உண்டாக நாலு நிறம் வேண்டும், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு; நாலும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும்; விலகினால் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு இறங்கிவிடும், மயிலின் நீலம் மயிலைவிட்டுப் பறந்துவிடும். மெஷின் மெதுவாக ஓடத் தொடங்கும்போது வரும் ஷீட்டுகளை எடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணில் லென்ஸை வைத்து, ஓரத்திலிருக்கும் சிலுவைக் குறிகளைப் பார்ப்பேன். நாலு சிலுவையும் ஒரே சிலுவையாகத் தெரிந்தால் மூலையில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போடுவேன். அதற்கு ஓகே ஷீட் என்று பெயர். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் முழு வேகம் எடுக்கும். முப்பத்தொரு வருடத்தில் என் கையெழுத்தோடு போன ஒரு வேலையும் திரும்பி வந்ததில்லை. கிட்டிப்புள் அடித்து எட்டு வயதிலேயே மங்கிப்போன இடது கண்ணோடு, வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு, இந்தப் பெயரைச் சம்பாதித்திருந்தேன்.

அந்தக் கண்ணை நான் அச்சகத்திலேயே விட்டுவிட்டு வருகிறவனாக இருந்திருந்தால் தெருவில் என்னை இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும். டீக்கடை குருசாமியின் பெயர்ப்பலகையில் கடைசி எழுத்து கீழே இறங்கியிருப்பதை நான் பதினோரு வருடமாக அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அபுதாகிர் ஆட்டோவில் பச்சைக் கோடு அடித்துக்கொண்டு வந்து நிறுத்திய அன்று, ஊரே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, "ரெண்டு பக்கமும் ஒரே உசரத்துல இல்லையே" என்று சொன்னவன் நான். நானாக யாரிடமும் ஓர் ஏணிகூட இரவல் கேட்டதில்லை. எதையும் கேட்காமல் வாழ்ந்ததைத்தான் நான் கௌரவம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடுகள், எல்லாம் ஒரே வரிசை, எதிரே தீப்பெட்டி ஆபீஸின் நீண்ட மதில். ஒரே கொத்தனார் ஒரே அளவில் கட்டியவை என்பதால் வாசலில் நின்று பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் பின்சுவர் தெரியும், அதில் ஒரே உயரத்தில் ஓர் ஆணி இருக்கும். ஒவ்வொரு ஆவணியிலும் அடுத்த வருடக் காலண்டர் படங்களில் ஒன்றை, தேதிக் கட்டு தைக்காத வெறும் படமாக, முதல் ஓட்டத்திலிருந்து வாங்கிவந்து இருபத்து மூன்று வீட்டுக்கும் நானே கொடுப்பேன். அவர்களும் அன்றே அந்த ஆணியில் மாட்டிவிடுவார்கள். அந்த வருடம் கொடுத்தது ஒரு பாப்பா படம். புல்தரையில் உட்கார்ந்திருக்கும், கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா சிரிக்கும் பாப்பா. எல்லா மதத்து வீட்டுக்கும் ஆகும்.

மிஞ்சிய ஒரு படத்தைக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இன்பராஜுக்குக் கொண்டுபோனேன். மாட்ட இடம் தேடியபோது என் வாய் வழக்கம்போல் சும்மா இருக்கவில்லை.

"என்ன இன்பராஜ், ஃபிரேம் அடுக்கி வச்சிருக்க கம்பியெல்லாம் இப்படி வளைஞ்சு கெடக்கு?"

"அண்ணாச்சி, அது ரசமட்டம் வச்சு அடிச்சது. போன மாசம்தான்."

"நடுவுல வளைஞ்சிருக்குப்பா. எனக்கா தெரியாது?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து கட்டம் போட்ட ஓர் அட்டையை எடுத்து, என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"நடுவுல உள்ள புள்ளியைப் பாருங்க. சுத்தியிருக்கிற கோடு நேரா இருக்கா?"

"எந்தப் புள்ளி?" என்றேன் நான்.

"இது கண்ணாடியில அடங்குற விஷயம் இல்ல அண்ணாச்சி" என்றார் இன்பராஜ். "விழித்திரை டாக்டர் பாக்கணும்." ஒரு கடிதம் எழுதினார், எழுதிக்கொண்டே பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார், அந்த ஒரு டாக்டருக்காக மூன்று மாவட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன, எண்பத்தொன்றாவது நாள் காலை பத்து மணி என்று எழுதி, மடித்து, என் சட்டைப் பையில் அவரே வைத்துவிட்டார்.

எண்பத்தொரு நாள் என்பது ஆவணியில் தொடங்கி மார்கழி வரை ஓடும் காலண்டர் சீசனின் நட்டநடுப் பகுதி. கண் போய்விட்டது என்று தெரிந்தால் முதலாளி என்னைத் திட்ட மாட்டார், நல்ல மனிதர், பைண்டிங் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, ஷீட் அடுக்குவதை மேற்பார்வை பார்க்கச் சொல்வார். அந்த நாற்காலியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. குழாயடியில் என் மனைவி பூங்கனியோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, பட்டாசுப் பெட்டிகளுக்கு இருபது வருடமாக லேபிள் ஒட்டுகிறவள், குடத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"எம்பத்தொரு நாளாமே அண்ணே, மதினி சொன்னாக. அதுவரைக்கும் ஷீட்டை யாரு பாக்க?"

"நான்தான் பாப்பேன். வேற யாரு?"

"எதை வச்சு?"

நான் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினேன்.

"இன்னைக்கு எனக்கு லேபிள் வரலை, சும்மாதான் இருக்கேன். என் கண்ணைக் கொண்டுபோங்க. சாயங்காலம் மறக்காமக் கொடுத்துருங்க, அரிசி பொடைக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானை நுனியைப் பந்தாகச் சுருட்டினாள். கண்ணில் தூசி விழுந்தால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். துணியை வாயில் வைத்து ஊதி, சூடு ஏறியதும் கண்ணில் ஒற்றுவோமே, அதைத்தான் செய்தாள், தன் இடது கண்ணில் ஒற்றி எடுத்து, சூடு ஆறுவதற்குள் என் வலது கண்ணில் வைத்து அழுத்தினாள். துணியை எடுத்தபோது குழாயின் மரைகளை என்னால் எண்ண முடிந்தது. அவள் இடது கண் திறந்தபடிதான் இருந்தது, ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டின் ஜன்னல்போல அதில் அவள் இல்லை. "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள், வரிசையில் அடுத்து நின்றவள் "ஆச்சுன்னா நகருங்க" என்றாள்.

பின்சுவரோரம் இருந்த பையை எடுக்க வீட்டுக்குள் வந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தது, ஆனால் என்னைப் பார்த்து இல்லை. கறுப்பு ஒரு மயிரிழை இடதுபக்கம் நகர்ந்திருந்தது. கருவிழி இரண்டும் அதோடு நகர்ந்திருந்தன. பாப்பா எங்கள் வீட்டுக்குள் எங்களைப் பார்க்காமல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். இருபத்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தவனும் நான். ஊர் ஊராகப் போன பல்லாயிரம் படங்களை விடுங்கள், இந்த இருபத்து மூன்றும் என்னைச் சுற்றி நின்றன.

படத்தைக் கழற்றிச் சுருட்டி பரணில் போட்டேன். "ஏன்?" என்று பூங்கனி கேட்டாள். "பல்லி" என்றேன்.

செல்லக்கனியின் பார்வை தூரத்தைக் கஞ்சிபோல் காட்டியது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அது கத்தி. இருபது வருடம் ஓரத்தோடு ஓரம் பார்த்து லேபிள் ஒட்டிய கண். சிலுவைக் குறிகள் அதன்முன் மறைய இடமில்லாமல் நின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு கண் இத்தனை காலம் இருந்திருக்கிறது, நான் அவள் வீட்டுக் கதவின் சாய்மானத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் என் துண்டைச் சுருட்டி ஊதி ஒற்றி அவள் பார்வையை அவளிடம் கொடுத்தேன். அவள் அரிசி புடைக்கப் போனாள்.

மறுநாள் குழாயடியில் பஞ்சாயத்து.

"மதினி, தப்பா எடுத்துக்காதீக. ஒரு கிண்ணம் கொழம்பு கொடுத்தாக்கூட நீங்க கிண்ணத்தை வெறுசாத் திருப்பித் தந்ததில்ல. ரெண்டு வெங்காயமாவது கெடக்கும். அண்ணன் என் கண்ணை வெறுசாக் கொடுத்துட்டுப் போய்ட்டாரு."

பூங்கனியின் முகம் சிவந்தது. "இவுகளுக்கு என்ன தெரியும் செல்லக்கனி? வீட்டுல உள்ள உப்புப் புளியே தெரியாது."

"வெறும் பாத்திரம் போகக்கூடாதுல்ல" என்று வரிசையில் நின்ற இன்னொருத்தி சொன்னாள். அதில் இரண்டு கருத்து இல்லை. பார்வை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போனதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது வெறுமையாகத் திரும்பி வந்ததைப் பற்றித்தான் குழாயடி முக்கால் மணி நேரம் பேசியது.

அன்று குருசாமி கொடுத்தான். மாலையில் திருப்பிக் கொடுக்கும்போது, துண்டை ஊதுவதற்கு முன், அன்றைக்கு நான் நன்றாகப் பார்த்த ஒன்றை நினைத்துக்கொண்டேன்: முதல் ஷீட்டில் மஞ்சள், ஒரு சாமந்திப் பூவின் ஓரத்தில், அளவாக வந்து நின்ற இடம். குருசாமி கண்ணைத் திறந்தான், மூடினான், திறந்தான். தன் கடைக்கு வெளியே போய்ப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி... அந்தக் கடைசி எழுத்து..."

"பதினோரு வருசமாச் சொல்றேன்" என்றேன்.

அதன்பிறகு என்னைக் கேட்காமலே எல்லாம் நடந்தது. வடை, பஜ்ஜி எழுதும் பலகையில் குருசாமி முறை எழுதினான். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. காய்ச்சல்காரர்கள் கொடுக்கக்கூடாது. அழுத அன்று கொடுக்கக்கூடாது, கலங்கியிருக்கும். அபுதாகிர் ஆட்டோ ஓட்டாத வெள்ளிக்கிழமையில் மட்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முறை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் பார்வைக்கும் ஒவ்வொரு பவர் என்பதால், காலையில் அச்சகத்துக்குப் போகும் வழியில் இன்பராஜ் கடை வாசலில் நிற்பேன், அவர் பரிசோதனைக்கு வைத்திருக்கும் வட்ட ஃபிரேமை என் மூக்கில் மாட்டி, "இன்னைக்கு யாரு?" என்று கேட்டு, அதற்கேற்ற வில்லையைச் சொருகி அனுப்புவார். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து இது தொற்றுமா என்று விசாரித்தார். "தெரு விட்டுத் தெரு தொத்தாது சார்" என்று செல்லக்கனி சொன்னதும் எழுதிக்கொண்டு போனார். தெற்குத் தெருக்காரர்கள், "ஒங்க தெருவுல கண்ணு மிச்சம் கெடந்தாச் சொல்லுங்கப்பா, எங்க மாமியாருக்கு வேணும்" என்று கேலி செய்தார்கள். ஆனால் அவர்களுக்குள்ளே பொறாமை என்பது எங்களுக்குத் தெரியும்.

குருசாமியின் பார்வையில் பழுப்பு நிறம் மட்டும் நாற்பது வகையாகத் தெரிந்தது. டீ ஆற்றி ஆற்றி வந்தது. அன்றைக்குப் படங்களில் தோல் நிறம் உயிரோடு இருந்தது என்று மெஷின்காரர்களே சொன்னார்கள். அபுதாகிரின் பார்வை நிற்காமல் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பக்கக் கண்ணாடி பார்த்த பழக்கம்; ஆனால் ஓடுகிற மெஷினில் ஷீட்டுகள் அதன் முன் நின்றுகொண்டிருந்தன. நான் யாரையும் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காமல் வாங்குவதும் வாங்குவதுதான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

திருப்பும்போது தவறாமல் எதையாவது போட்டேன். முதலில் ஒரு சிட்டிகை. பிறகு அது எனக்கே ருசித்துவிட்டது. சிவப்பு விலகினால் எப்படி இருக்கும், நீலம் கூடினால் எப்படி இருக்கும், மயிரிழை என்றால் எவ்வளவு. முப்பத்தொரு வருடத்தில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்காததை எல்லாம் அள்ளி அள்ளிப் போட்டேன். ஐப்பசி பிறப்பதற்குள் தெரு மாறிவிட்டது. குருசாமி பலகையை மூன்று முறை எழுதவைத்தான். அபுதாகிர் பச்சைக் கோட்டைச் சுரண்டிவிட்டுத் தன் கையால் அடித்தான், இரண்டு பக்கமும் ஒரே உயரம். ரோட்டில் வெள்ளைக் கோடு போட வந்தவர்களை எங்கள் தெருப் பெண்கள் மறித்து, அழித்துப் போட வைத்தார்கள். ஒருத்தி தன் புருஷனிடம் இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, "ஒங்க மீசை எடப்பக்கம் எறங்கியிருக்கு" என்று சொல்ல, முடிதிருத்துபவர் எங்கள் தெரு ஆள் என்றாலே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரு நடை வந்தது. துணிக்கடையில் எங்கள் தெருப் பெண்கள் புடவையைப் பிரித்தால் கடைக்காரரே, "நீங்க சொன்னாச் சரிம்மா" என்றார்.

ஐம்பதாவது நாள் வாக்கில் செல்லக்கனி, பூங்கனிக்கு முடியாததால், எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டாவது மெஷின் பக்கம் ஷீட்டுகள் அடுக்கியிருந்த தள்ளுவண்டியைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"இதுல சிவப்பு எறங்கியிருக்கு."

மெஷின்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. லென்ஸை வாங்கிப் பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். அடுத்த திங்கள்கிழமையிலிருந்து செல்லக்கனி இரண்டாவது மெஷினுக்கு ரிஜிஸ்டர் பார்க்க வந்தாள். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள். முதலாளி என் தோளைத் தட்டி, "உன் தெருவு காளிராஜ்!" என்றார். எனக்கு மார்பு விம்மியது. அன்று மாலை திரும்பும்போதுதான், அவள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து அலமாரியில்தான் சீசனின் ஓகே ஷீட்டுகள் எல்லாம் அடுக்கியிருக்கின்றன என்பது நினைவுக்கு வந்தது. பாப்பாவும் அங்கேதான் இருந்தது, மூலையில் என் கையெழுத்தோடு.

அந்தக் கணத்தில்தான் நான் செய்துகொண்டிருந்தது எனக்கே விளங்கியது. என் ஒரே பிழையைப் பார்க்கத் தெரிந்த கண்களை, இருபத்திரண்டு வீட்டில், நானே வளர்த்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கண்களுக்கு எதிரே அந்தப் படம் மாட்டியிருந்தது. வெறுமையாகத் திருப்பித் தர முடியாது. வாங்காமலும் இருக்க முடியாது. ஆகாய நீலம், புளிய இலைப் பச்சை என்று வேறு எதையாவது போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே போட்டதை எடுக்க வழியில்லை.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. செல்லக்கனி வழக்கம்போல் "வரட்டுமாண்ணே" என்று சொல்லிப் போனாள். நான் ஒவ்வொரு முகத்திலும் சிரிப்பைத் தேடினேன். இரவல் வாங்கிய கண்ணாலேயே, கொடுத்தவர்கள் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று தேடினேன். நான் எப்படிப்பட்டவன் என்று அப்போது கேட்டுக்கொண்டேன், இப்போதும் கேட்கிறேன்.

முறை மூன்று சுற்று வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. நான்தான் குருசாமியிடம் எழுத வேண்டாம் என்றிருந்தேன். பூங்கனியின் கண்ணை வாங்க எனக்குப் பயம். அவள் என்னைத்தான் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நான் எப்படி இருப்பேனோ.

எண்பதாவது நாள் காலை, நான் வாசலுக்குப் போவதற்குள் அவள் முந்தானையைச் சுருட்டிவிட்டாள்.

"இன்னைக்கு நம்ம வீட்டு மொறை. உக்காருங்க."

"உனக்கு எதுக்கு..."

"ஊரே கொடுத்துருக்கு, நான் கொடுக்கலைன்னா குழாயடியில என்னை நிக்க விடுவாளுகளா?"

சூடான துணி என் கண்ணில் அழுந்தியது. எடுத்ததும் பார்வை தானாக ஓடியது. என் பக்கம் வரவில்லை. பின்சுவருக்குப் போனது, வெறும் ஆணியில் போய் நின்றது. தினமும் பார்த்துப் பார்த்து அங்கே ஒரு தடம் விழுந்திருந்தது. எண்பது நாளாக அவள் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறாள், படுத்திருக்கிறாள், எழுந்திருக்கிறாள். பல்லி என்று சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பவில்லை.

மாலையில் அவள் பார்வையைத் திருப்பிக் கொடுத்தேன். என்ன போட்டேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவள் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை முந்தின நாள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வெளிச்சம் இருக்கும்போதே தெரு முழுக்க வந்துவிட்டது. உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். செல்லக்கனி அச்சகத்திலிருந்து நேராக வந்திருந்தாள், காதில் சிவப்புப் பென்சில். நான் முக்காலியில் ஏறிப் பரணிலிருந்து சுருளை எடுத்தேன். விரித்தேன். என் சொந்தக் கண்ணுக்குப் பாப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மட்டும்தான் தெரிந்தது.

"இது என் கையெழுத்துல போனது" என்றேன். "கறுப்பு ஒரு மயிரிழை எடப்பக்கம். முத நாளே எனக்குத் தெரியும். மறைச்சேன்."

குருசாமி இருமினான்.

"அண்ணாச்சி, அது எங்களுக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு."

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தோம் மாமா" என்றான் அபுதாகிர். "சொல்லாட்டியும் பரவால்லன்னு இருந்தோம்."

"ஒருத்தராவது கழட்டியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எதுக்குக் கழட்டணும்?" செல்லக்கனி முன்னால் வந்தாள். "எங்க வீட்டுப் பாப்பா எங்களைப் பாக்காது. எடப்பக்கம் பாக்கும். எங்களுக்கு எடப்பக்கம் உங்க வீடு. ஆவணியில இருந்து நானும் அதையே பாத்துட்டு இருந்தேன், இந்தப் புள்ளை அந்தப் பக்கம் அப்படி என்னத்தப் பாக்குதுன்னு. அன்னைக்குக் குழாயடியில உங்களைப் பாத்ததும் சட்டுன்னு கேட்டுட்டேன். இல்லேன்னா உங்ககிட்ட யாரு போய்க் கேப்பா? கதவு சாஞ்சிருக்கும்பீக."

எல்லோரும் சிரித்தார்கள். அபுதாகிர், "எங்க வீட்டுப் பாப்பா அடுத்த வீட்டு அடுப்பைத்தான் பாக்குது, அதான் எங்கம்மாவுக்கு அங்க என்ன கொழம்புன்னு தெரிஞ்சிருது" என்றான். கடைசி வீட்டுப் பாப்பாவுக்குப் பார்க்க வீடு இல்லை, அது குழாயடியைப் பார்க்கிறது, அதனால்தான் தண்ணீர் வந்ததும் முதல் குடம் அவர்களுடையது என்று யாரோ சொல்ல, கடைசி வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் பூங்கனி என் கையிலிருந்து படத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் டாக்டரம்மா, சிறு வயதுதான், அமைதியான குரல், என் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார். இன்று யாரிடமும் இரவல் இல்லை. அவர் பார்க்க வேண்டியது என் கண்ணைத்தான்.

"விழித்திரைக்கு நடுவுல ஒரு ஓட்டை. இதை வச்சுக்கிட்டு எம்பது நாள் எப்படி வேலை பாத்தீங்க?"

"எங்க தெரு பாத்துச்சு டாக்டர்."

அவர் அதை எழுதிக்கொண்டாரா தெரியாது. அறுவை செய்யலாம், ஓரளவு பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனை என்றார். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைப்பார்கள். அது மேலே எழும்பி ஓட்டையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நான் பத்து நாள் முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும்.

"தலை நிமிரக் கூடாது. நிறைய பேரால முடியாது. உங்களால முடியுமா?"

பூங்கனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்; சிரிப்பு அதையும் மீறி வந்தது. "இவுகளாலயா டாக்டரம்மா? எங்க தெருவுல கேட்டுப் பாருங்க."

"குனிஞ்சு இருக்கேன் டாக்டர்" என்றேன்.

பத்து நாள் இருந்தேன். கட்டிலின் ஓரத்தில் நெற்றியை ஊன்றி, மங்கலான இடது கண்ணால் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, வந்தவர்களைப் பாதங்களால் அறிந்தேன். குருசாமியின் டீக் கறை படிந்த விரல்கள், பிரேக்கை மிதித்து மிதித்து அகன்ற அபுதாகிரின் வலது கால். "என்ன மாமா, இப்பவாவது எங்க கால்ல விழுந்தீகளே" என்றான் அவன். கொடுத்த பாத்திரம் எதுவும் வெறுமையாகப் போகாமல் பூங்கனி பார்த்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் பசை காய்ந்த இரண்டு பாதங்கள் வந்து நின்றன. ஒரு முழு ஷீட்டைத் தரையில், என் முகத்துக்கு நேர் கீழே, விரித்தாள் செல்லக்கனி. அதே பாப்பா. இன்னும் வேண்டும் என்று ஆர்டர் வந்ததால் முதலாளி மறுபடி அச்சடிக்கிறார்.

"மெஷின் நிக்குதுண்ணே. முதலாளி உங்க கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாரு."

எனக்குப் பச்சையும் ஒரு வெளிச்சமும் மட்டும் தெரிந்தன. "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"உக்காந்திருக்கா?"

"நாலும் உக்காந்திருக்கு."

"அப்போ உன் கையெழுத்தைப் போடு."

காதிலிருந்து பென்சிலை எடுத்த சத்தம் கேட்டது. குத்தவைத்து உட்கார்ந்து, என் குனிந்த தலைக்குக் கீழே, மூலையில் மெதுவாக எழுதினாள். எழுத்து நேராக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பதினோராம் நாள் தலையைத் தூக்கினேன். முதலில் புகை, பிறகு புகைக்குள் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பாப்பா. நடுவில் இன்னும் கலங்கல் இருக்கிறது. ஆனால் கோடுகள் கோடுகளாக நிற்கின்றன. மார்கழிப் பாதியில், புது வருடம் பிறப்பதற்கு முன், தேதிக் கட்டு தைத்த புதுப் பாப்பா காலண்டர்களை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு நானும் செல்லக்கனியும் வரிசையாக வீடு வீடாகப் போனோம். மயிரிழை பிசகாத வேலை. அப்படி ஒரு ரிஜிஸ்டரை நான்கூட நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். அதைக் கையில் ஏந்தி நடக்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி, விரித்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, வேலை பிரமாதம் என்றார்கள். பிறகு தேதிக் கட்டை மட்டும் கழற்றிப் பழைய பாப்பாவின் கீழே தைத்துக்கொண்டு, நேராகப் பார்க்கும் பாப்பாவை எங்களிடமே திருப்பித் தந்தார்கள். கூடவே இரண்டு வெங்காயம்.